மலையேற்றமும் நிதியாதரவும்: ஒரு வரலாறு

மலையேற்ற நிதியாதரவு என்பது, மலையேறுபவரின் பயணச் செலவையோ வாழ்க்கைச் செலவையோ ஒரு நிறுவனம் ஏற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக அவருடைய பெயரையும் படத்தையும் அனுபவத்தையும் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடாகும். கடந்த நூறு ஆண்டுகளில் செய்தித்தாள்கள், கடிகார நிறுவனங்கள், வங்கிகள், உடை தயாரிப்பாளர்கள், தொலைக்காட்சி நிலையங்கள் எனப் பல தரப்பினர் இவ்வாறு பணம் அளித்துள்ளனர்.

மலையேற்றம் மற்ற விளையாட்டுகளிலிருந்து ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகிறது. கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் மைதானம் உண்டு, நடுவர் உண்டு, நுழைவுச்சீட்டு விற்றுப் பணம் திரட்டலாம். எட்டாயிரம் மீட்டர் உயரத்தில் பார்வையாளரும் இல்லை, நடுவரும் இல்லை. அங்கே நடந்ததை ஏறியவரே திரும்பி வந்து சொல்ல வேண்டும். அல்லது படம் எடுத்துக் காட்ட வேண்டும். எனவே மலையேற்றத்தில் விற்பனைக்கு உள்ள பொருள் அந்தக் கதை ஒன்றே. பணம் கொடுத்தவருக்கு ஒரு நல்ல கதை தேவைப்பட்டது. அந்தத் தேவை ஏறுபவரின் முடிவுகளையும், மலையின் தோற்றத்தையும், சில வேளைகளில் உயிரையும் எவ்வாறு பாதித்தது என்பதை இக்கட்டுரை கால வரிசையில் விளக்குகிறது.

செய்தித்தாளும் திரைப்படமும் (1921–1924)

எவரெஸ்ட் சிகரத்தை அடைவதற்காக ராயல் புவியியல் கழகமும் ஆல்பைன் கழகமும் இணைந்து 1921-இல் எவரெஸ்ட் குழுவை அமைத்தன. கழக உறுப்பினர்களின் நன்கொடை செலவுக்குப் போதவில்லை. ஆகவே பயணச் செய்திகளை வெளியிடும் உரிமை லண்டன் 'டைம்ஸ்' நாளிதழுக்கு விற்கப்பட்டது. பயணத்தில் சென்றவர்கள் பிற இதழ்களுக்குத் தாமாகச் செய்தி தரக் கூடாது. நாடு முழுவதும் அறிய விரும்பிய ஒரு நிகழ்ச்சியின் செய்தி, இவ்வாறு ஒரு நிறுவனத்தின் சொத்தாயிற்று.

1924 பயணத்தில் இது இன்னும் ஒரு படி முன்னேறியது. ஒளிப்படக் கலைஞர் ஜான் நோயல், பயணத்தின் ஒளிப்பட, திரைப்பட உரிமைகள் அனைத்துக்குமாக 8,000 பவுண்டு தர முன்வந்தார். அக்காலத்தில் அது பெருந்தொகை. அந்தப் பணம் குழுவின் நிதிக் கவலையைப் பெருமளவு தீர்த்தது. எவரெஸ்ட் அடிவார முகாமிலிருந்து தனி ஒட்டுத்தலையுடன் அஞ்சலட்டை அனுப்பும் திட்டத்தையும் நோயல் வகுத்தார். முகவரி அனுப்பிய பொதுமக்களுக்கு இமயமலையிலிருந்து அட்டை வந்து சேர்ந்தது. இன்றைய விளம்பரத் துறையினர் கையாளும் உத்திக்கு இது சற்றும் குறைந்ததன்று.

1924 ஜூன் 8 அன்று ஜார்ஜ் மல்லோரியும் ஆண்ட்ரூ இர்வினும் உச்சியை நோக்கிச் சென்று திரும்பவில்லை. வெற்றிப் படம் எடுக்க நினைத்த நோயலிடம் வெற்றிக் காட்சி இல்லை. முதலீட்டைத் திரும்பப் பெற வேண்டிய கட்டாயமோ இருந்தது. எனவே திபெத்திய வாழ்க்கைக் காட்சிகளைப் படத்தில் மிகுதியாகச் சேர்த்தார். லண்டனில் படம் திரையிடப்படுமுன் திபெத்தியத் துறவிகளை மேடையில் நடனமாடவும் வைத்தார். சமய நடனம் வேடிக்கைப் பொருளானதும், படத்தில் திபெத்தியர்கள் காட்டப்பட்ட விதமும் லாசா அரசைப் புண்படுத்தின. அடுத்த பிரித்தானியக் குழுவுக்கு 1933 வரை எவரெஸ்ட் செல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதற்குக் காரணமானவற்றுள் இத்திரைப்படமும் ஒன்று. பணத்துக்காகச் சொல்லப்பட்ட கதை மலையின் வாயிலையே மூடிவிட்ட முதல் நிகழ்வு இது.

இரண்டு கடிகாரங்கள் (1953)

1953 மே 29 அன்று டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹில்லரியும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தனர். இம்முறையும் செய்தி உரிமை 'டைம்ஸ்' இதழிடமே இருந்தது. அதன் செய்தியாளர் ஜேம்ஸ் மோரிஸ் குழுவினருடன் மலையில் தங்கியிருந்தார். போட்டி இதழ்கள் செய்தியை இடைமறித்துவிடக் கூடாது என்பதற்காக, தோல்வியைப் போலத் தோன்றும் சங்கேதச் சொற்களில் வெற்றிச் செய்தியை அவர் அனுப்பினார். ஜூன் 2 அன்று, இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு நாளில், அது வெளியாயிற்று.

இப்பயணத்துக்குப் பல நிறுவனங்கள் உணவு, உடை, கருவி முதலியவற்றை வழங்கியிருந்தன. பிரித்தானியாவின் ஸ்மித்ஸ், சுவிட்சர்லாந்தின் ரோலெக்ஸ் என்ற இரு கடிகார நிறுவனங்களும் அவற்றுள் அடங்கும். வெற்றிக்குப் பின் இரண்டும் அதைத் தம் விளம்பரங்களில் பயன்படுத்தின. ஹில்லரி உச்சிக்கு எடுத்துச் சென்றது தம் கடிகாரமே என்று ஸ்மித்ஸ் அறிவித்தது. ரோலெக்ஸ் அதே ஆண்டில் 'எக்ஸ்ப்ளோரர்' என்ற கடிகாரத்தை எவரெஸ்ட் வெற்றியுடன் தொடர்புபடுத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஸ்மித்ஸ் கைக்கடிகார உற்பத்தி பிற்காலத்தில் நலிந்தது. எவரெஸ்ட் வெற்றியை ஆண்டுதோறும் நினைவூட்டும் விளம்பர வலிமை ரோலெக்ஸிடம் நிலைத்தது. எது உச்சிக்குச் சென்றது என்பதைக் காட்டிலும், எதைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது என்பதே மக்கள் நினைவைத் தீர்மானிக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

வங்கியும் படக்கருவியும் (1975)

எழுபதுகளில் மலையேற்றத்துடன் எவ்விதத் தொடர்பும் இல்லாத நிறுவனங்கள் களத்தில் இறங்கின. கிறிஸ் பானிங்டன் தலைமையில் எவரெஸ்ட் தென்மேற்கு முகப்பில் ஏறச் சென்ற குழுவுக்கு 1975-இல் பார்க்லேஸ் வங்கி ஆதரவளித்தது. திட்டமிட்ட செலவு ஏறத்தாழ 1,00,000 பவுண்டு. செப்டம்பர் 24 அன்று டக் ஸ்காட்டும் டூகல் ஹாஸ்டனும் உச்சியை அடைந்தனர்.

இரண்டு நாட்களுக்குப் பின் பீட்டர் போர்ட்மனும் பெர்டெம்பா ஷெர்பாவும் உச்சியைத் தொட்டு இறங்கினர். வழியில் மிக் பர்க் அவர்களுக்கு எதிரே ஏறி வந்தார். அவர் பிபிசிக்காகப் படம் எடுத்தவர். தனியாக உச்சியை நோக்கிச் சென்ற அவர் திரும்பி வரவில்லை. அவர் போனது பணத்துக்காக என்று கூற முடியாது. உச்சிக்கு அவ்வளவு அருகில் வந்த எந்த வீரருக்கும் அந்த ஆசை இருந்திருக்கும். ஆயினும் ஏறுவதும் படம் எடுப்பதும் ஒரே மனிதரின் இரு கடமைகளாகிவிட்ட புதிய நிலையை அவருடைய இறப்பு உணர்த்துகிறது.

கருவி செய்தவர் வணிகரானார்

அமெரிக்காவில் நிதியாதரவு வேறு வழியில் வளர்ந்தது. இவான் சூனார்ட் என்ற இளைஞர் 1957-இல் பழைய உலைக்களம் ஒன்றை வாங்கி, கொல்லர் தொழிலைத் தாமே கற்று, பாறைப் பிளவுகளில் அடிக்கும் இரும்பு ஆணிகளைச் செய்து விற்றார். பிட்டன் எனப்படும் இவ்வாணிகள் ஒவ்வொன்றும் ஒன்றரை டாலர். 1970 வாக்கில் அவருடைய நிறுவனம் அந்நாட்டின் மிகப் பெரிய மலையேற்றக் கருவி விற்பனையாளராக வளர்ந்திருந்தது.

ஆணிகளை அடித்துப் பிடுங்குவதால் யோசமிட்டி பள்ளத்தாக்கின் பாறைகள் சிதைவதை அவர் கண்டார். 1972-ஆம் ஆண்டு விற்பனைப் பட்டியலில், ஆணிகளைக் கைவிட்டு, கையால் பொருத்தி எடுக்கக்கூடிய உலோகக் கட்டைகளைப் பயன்படுத்துமாறு ஏறுபவர்களிடம் வேண்டினார். அந்நாளில் அவருடைய வணிகத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஆணிகளிலிருந்தே வந்தது. பாறை காப்பாற்றப்பட்டது, புதிய கருவிகளும் நன்றாக விற்றன. விளம்பரம் மலைக்கு நன்மை செய்த நிகழ்வுகளைப் பட்டியலிட்டால் இதை முதலில் குறிப்பிட வேண்டும். அவர் 1973-இல் தொடங்கிய படகோனியா உடை நிறுவனமும், 1966-இல் சான் பிரான்சிஸ்கோவில் கடையாகத் தொடங்கிய நார்த் ஃபேஸ் நிறுவனமும் பின்னர் வீரர்களை ஊதியம் கொடுத்து வைத்துக்கொள்ளும் பெருநிறுவனங்களாயின.

இதற்கு எதிரான எடுத்துக்காட்டு அர்ஜென்டினா, சிலி எல்லைப் பகுதியில் உள்ள செர்ரோ டோரே சிகரம். 1970-இல் இத்தாலியரான சேசரே மேஸ்திரி பெட்ரோலில் இயங்கும் காற்றழுத்த இயந்திரத்தை மேலே இழுத்துச் சென்று, நூற்றுக்கணக்கான போல்ட்டுகளைப் பாறையில் துளையிட்டுப் பதித்தார். அந்த இயந்திரம் மலையிலேயே தொங்கவிடப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், ரெட் புல் பான நிறுவனத்தின் ஆதரவுடன் டேவிட் லாமா அங்கே சென்றபோது, படப்பிடிப்புக் குழுவினரின் பாதுகாப்புக்காகப் புதிய போல்ட்டுகள் பதிக்கப்பட்டன. ஏறுபவருக்குத் தேவைப்படாத போல்ட்டுகள் படக்கருவிக்குத் தேவைப்பட்டன. மலையேற்ற உலகம் கடுமையாகக் கண்டித்தது. லாமா 2012 ஜனவரியில் மீண்டும் சென்று, ஏறுவதற்குப் போல்ட்டுகளைப் பற்றுக்கோடாகக் கொள்ளாமல் அச்சிகரத்தில் ஏறித் தம் திறமையை நிலைநாட்டினார்.

பதினான்கு சிகரங்களும் இரு வீரர்களும்

உலகில் 8,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் பதினான்கு. இந்த எண்ணிக்கை விளம்பரத்துக்கு மிகவும் ஏற்றதாக அமைந்தது. பாறையேற்றத்தின் நுணுக்கம் பொதுமக்களுக்குப் புரியாது. பதினான்கில் எத்தனை முடிந்தது என்பது குழந்தைக்கும் புரியும்.

தென் டிரோலைச் சேர்ந்த ரைன்ஹோல்ட் மெஸ்னர் 1986-இல் பதினான்கையும் முடித்த முதல் மனிதரானார். நூல்கள், சொற்பொழிவுகள், நிறுவன ஒப்பந்தங்கள் ஆகியவற்றால் மலையேற்றத்தையே வாழ்க்கைத் தொழிலாக்கியவர் அவர். அடுத்த ஆண்டு பதினான்கையும் முடித்த போலந்து நாட்டின் யெர்சி குக்குச்காவின் நிலை வேறு. பொதுவுடைமை ஆட்சியின் கீழிருந்த போலந்தில் விளம்பர நிறுவனங்கள் இல்லை. அந்நாட்டு மலையேற்றக் கழகத்தினர் கயிற்றில் தொங்கித் தொழிற்சாலைப் புகைபோக்கிகளுக்கு வண்ணம் பூசிப் பணம் சேர்த்தனர். குக்குச்கா எட்டு ஆண்டுகளுக்குள் பதினான்கையும் முடித்தார். 1989 அக்டோபரில் லோட்சே தெற்கு முகப்பில், காத்மாண்டில் வாங்கிய மெல்லிய கயிறு அறுந்து அவர் இறந்தார். நிதியாதரவை வெறும் பேராசை என்று தள்ளிவிட விரும்புவோர் இந்தக் கயிற்றையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இரு நிறுவனங்களின் போட்டி: தென்கொரியா (2009–2010)

பதினான்கையும் முடிக்கும் முதல் பெண் யார் என்ற கேள்வி இருபத்தோராம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எழுந்தது. களத்தில் இருந்தவர்களுள் ஸ்பெயினின் எதுர்னே பசபான், ஆஸ்திரியாவின் கெர்லிண்டே கால்டன்புருன்னர், தென்கொரியாவின் ஓ உன்-சன், கோ மி-யங் ஆகியோர் முதன்மையானவர்கள். கொரிய வீராங்கனைகள் இருவருக்கும் அந்நாட்டின் இரு வேறு மலையுடை நிறுவனங்கள் ஆதரவளித்தன. ஓ உன்-சன் பிளாக் யாக் நிறுவனத்தையும், கோ மி-யங் கோலன் ஸ்போர்ட் நிறுவனத்தையும் சார்ந்திருந்தனர். மலையுடைச் சந்தை வேகமாக விரிந்துகொண்டிருந்த காலம் அது.

2009 ஜூலை 10 அன்று இருவரும் ஒரே நாளில் நங்கா பர்பத் உச்சியை அடைந்தனர். கோ மி-யங்குக்கு அது பதினோராவது சிகரம். மறுநாள் இறங்கும் வழியில் அவர் விழுந்து இறந்தார். குறுகிய காலத்தில் அடுத்தடுத்துச் சிகரங்களில் ஏறியதும், நிறுவனங்களின் போட்டியும் பற்றிக் கொரியாவில் கேள்விகள் எழுந்தன. போட்டி நிற்கவில்லை.

2010 ஏப்ரல் 27 அன்று ஓ உன்-சன் அன்னபூர்ணா உச்சியை அடைந்தார். கேபிஎஸ் தொலைக்காட்சி அதை நேரலையாக ஒளிபரப்பியது. பதினான்கும் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆனால் 2009 மே மாதத்தில் அவர் கஞ்சன்ஜங்கா உச்சியை அடைந்தாரா என்ற ஐயம் முன்னரே எழுந்திருந்தது. அவர் காட்டிய படத்தில் உச்சி தெளிவாகத் தெரியவில்லை. உடன் சென்ற ஷெர்பாக்களின் கூற்றுகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. இமயமலை ஏற்றங்களைப் பதிவு செய்துவந்த எலிசபெத் ஹாலி அதைச் சர்ச்சைக்குரியது எனக் குறித்தார். 2010 ஆகஸ்டில் கொரிய ஆல்பைன் கூட்டமைப்பே, அவர் உச்சியை அடைந்திருக்க வாய்ப்பில்லை என்ற முடிவுக்கு வந்தது. ஓ உன்-சன் தாம் அடைந்ததாகவே கூறினார். 2010 மே 17 அன்று பதினான்கையும் முடித்த எதுர்னே பசபானே முதல் பெண் எனப் பரவலாக ஏற்கப்படுகிறார். ஆக்சிஜன் உருளை இன்றி முடித்த முதல் பெண்ணான கால்டன்புருன்னர் 2011-இல் கே2 சிகரத்தில் தம் பட்டியலை நிறைவு செய்தார்.

ஓ உன்-சன் பொய் சொன்னார் என்று யாரும் மெய்ப்பிக்கவில்லை. மூடுபனியில் உச்சி எதுவென்று தெரியாமல் போவது இயல்பு. ஐயம் எழுந்தவுடன் மீண்டும் ஒருமுறை ஏறிப் பார்ப்பது பழைய கால வீரருக்கு எளிது. நிறுவனமும் தொலைக்காட்சியும் நாடும் நாள் குறித்துக் காத்திருக்கும்போது அது எளிதன்று.

ஒப்பந்தம் எவ்வாறு செயல்படுகிறது

நிதியாதரவில் மூன்று படிகள் உண்டு. தொடக்க நிலையில் உள்ளவருக்குக் கருவிகளும் உடைகளும் இலவசமாகவோ குறைந்த விலையிலோ கிடைக்கும். அடுத்த படியில் பயணச் செலவு வழங்கப்படும். மிகச் சிலருக்கே ஆண்டு ஊதியம் உண்டு. நிறுவனத்தின் சின்னம் தெரியும் படம் இதழில் வெளியானால் தனித்தொகை வழங்கும் விதியும் பல ஒப்பந்தங்களில் இருந்தது. இன்று சமூக ஊடகங்களில் பின்தொடர்பவர்களின் எண்ணிக்கையும் கணக்கில் கொள்ளப்படுகிறது. இதனால் மிகத் திறமையாக ஏறியும் அதிகம் பேசாதவர் பின்தங்குவதும், நன்றாகப் படம் காட்டத் தெரிந்தவர் முன்னேறுவதும் நிகழ்கின்றன.

வழிகாட்டி நிறுவனங்களும் விளம்பரத்தையே நம்பியுள்ளன. 1996-இல் 'அவுட்சைடு' இதழ் எழுத்தாளர் ஜான் கிராக்கவருக்கு எவரெஸ்ட் குழுவில் இடம் கிடைத்தது. கட்டணத்தின் பெரும்பகுதிக்கு ஈடாக அவ்விதழில் விளம்பரப் பக்கங்கள் தரப்பட்டன. அவ்வாண்டு மே 10, 11 நாட்களில் வீசிய புயலில் எவரெஸ்டில் எட்டுப் பேர் இறந்தனர். குழுத் தலைவர்களான ராப் ஹாலும் ஸ்காட் ஃபிஷரும் அவர்களுள் அடங்குவர். செய்தியாளர் பார்த்துக்கொண்டிருந்தது அவர்களுடைய முடிவுகளைப் பாதித்திருக்குமோ என்ற கேள்வியைக் கிராக்கவரே பின்னர் எழுப்பினார்.

ஆதரவை விலக்கிய நிறுவனம் (2014)

2014 நவம்பரில் கிளிஃப் பார் என்ற அமெரிக்க உணவு நிறுவனம் ஐந்து வீரர்களின் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. கயிறில்லாமல் பாறையேறும் அலெக்ஸ் ஹானல்டும், டீன் பாட்டரும், ஸ்டெஃப் டேவிஸும் அவர்களுள் இருந்தனர். கயிறில்லா ஏற்றம், மலையுச்சியிலிருந்து குதித்தல் போன்றவற்றில் உள்ள அபாயத்திலிருந்து தாம் பயன் பெற விரும்பவில்லை என்பது நிறுவனம் தந்த விளக்கம்.

இம்முடிவு பெரும் விவாதத்தை எழுப்பியது. ஐவரும் இத்தகைய செயல்களில் பல ஆண்டுகளாகவே ஈடுபட்டவர்கள். நிறுவனம் அதை அறிந்தே ஒப்பந்தம் செய்திருந்தது. ஆகவே சிலர் இதை இரட்டை வேடம் என்றனர். தாமதமாக வந்தாலும் நேர்மையான முடிவு என்றனர் வேறு சிலர். யார் பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் தாம் ஏறுவது தம் விருப்பத்தால்தான் என்று ஹானல்ட் விளக்கினார். நிறுவனத்தின் நிலையையும் அவர் புரிந்துகொண்டார். அடுத்த ஆண்டு மே 16 அன்று யோசமிட்டியில் இறக்கை உடையணிந்து குதித்த டீன் பாட்டர் தம் தோழருடன் இறந்தார். 2017 ஜூன் 3 அன்று எல் கேப்பிட்டன் பாறையில் ஹானல்ட் கயிறின்றி ஏறினார். அதைப் பற்றிய ஆவணப்படம் 2019-இல் ஆஸ்கார் விருது பெற்றது. ஒருவர் விலகியதால் கதையின் சந்தை சுருங்கவில்லை.

சுமை தூக்கியவர்கள்

இவ்வரலாற்றில் பெரும்பாலும் விடுபடுபவர்கள் உள்ளூர் மலைத் தொழிலாளர்கள். 1922-ஆம் ஆண்டுப் பனிச்சரிவில் இறந்த எழுவரும் சுமை தூக்கச் சென்றவர்களே. 2014 ஏப்ரல் 18 அன்று கும்பு பனிப்பாறைச் சரிவில் 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தனர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் நேபாள அரசு முதலில் அறிவித்த உதவி 40,000 நேபாள ரூபாய். கொதித்தெழுந்த தொழிலாளர்கள் அவ்வாண்டு ஏற மறுத்தனர்.

2018 மே மாதத்தில் ஒரு சமூக வலைத்தள நிறுவனம், தன் மின்னணு நாணயத்தை விளம்பரப்படுத்துவதற்காக, அது அடங்கிய சிறு கருவியை எவரெஸ்ட் உச்சியில் புதைக்கச் செய்தது. அந்தக் குழுவுக்குத் துணையாகச் சென்ற லாம் பாபு ஷெர்பா உயிருடன் திரும்பவில்லை.

அண்மைக் காலத்தில் நிலைமை சிறிது மாறி வருகிறது. நேபாளத்தில் பிறந்த நிர்மல் பூர்ஜா 2019-இல் பதினான்கு சிகரங்களையும் ஏறத்தாழ ஆறு மாதங்களில் ஏறியதாக அறிவித்தார். தொடக்கத்தில் ஆதரவாளர்கள் கிடைக்காமல் தம் வீட்டை அடமானம் வைத்தே அவர் புறப்பட்டார். இறுதியில் திட்டத்துக்குத் தன் பெயரைத் தந்தது ஒரு பிரித்தானியக் கடிகார நிறுவனம். 2021 ஜனவரி 16 அன்று குளிர்காலத்தில் கே2 உச்சியை முதன்முதலாக அடைந்த பத்துப் பேரும் நேபாளத்தவர்.

மதிப்பீடு

நிதியாதரவு இல்லையெனில் பல ஏற்றங்கள் நடந்திருக்கமாட்டா. எவரெஸ்டும் அதன் தென்மேற்கு முகப்பும் கழக நன்கொடையால் மட்டும் ஏறப்பட்டவை அல்ல. வசதி படைத்தோரின் பொழுதுபோக்காக இருந்த மலையேற்றத்தை எளிய குடும்பத்து இளைஞர்கள் தொழிலாகக் கொள்ளவும் இப்பணமே வழிவகுத்தது. குறை பணத்தில் இல்லை. அது எதை அளக்கிறது என்பதில் உள்ளது. முதலிடம், எண்ணிக்கை, வேகம், படம் ஆகியவற்றை விளம்பரத்தால் எளிதில் அளக்க முடியும். உச்சிக்கு நூறு மீட்டர் முன்பாக வானிலை கண்டு திரும்பிவரும் நல்ல முடிவை அளக்க அதனிடம் கருவி இல்லை. அவ்வாறு திரும்பியவருக்கும், அவருடைய சுமையைத் தூக்கியவருக்கும் ஒப்பந்தத்தில் உரிய இடம் அளிக்கும் நிறுவனமே மலையேற்றத்துக்கு உண்மையான ஆதரவாளராகும்.